நான்கு படிகளுக்கு ஒரு கைப்பிடி

பிப்ரவரி 3, திங்கள்

மெஷின் வந்துவிட்டது. கொரியர்காரன் வாசலில் இறக்கிவிட்டு, "உள்ள தூக்கி வெக்கட்டுங்களா, தாத்தா?" என்றான். வேண்டாம் என்றேன். பதினோரு கிலோதான். நானே தூக்கிப்போய்க் கொல்லைப்புறக் கொட்டகையில் வைத்தேன். முதுகு பிடித்துக்கொண்டது.

வீட்டு உபயோகத்துக்கான சின்ன மிக் வெல்டிங் மெஷின். பழைய ஆர்க் மெஷினில் ராடைக் கையில் பிடித்துக்கொண்டே உருக்க வேண்டும். கை நடுங்கினால், உருகி ஒட்டுகிற பற்றும் கோணும். இதில் மெல்லிய வயர் ஓர் உருளையில் சுற்றியிருக்கிறது. கையில் பிடிக்கிற டார்ச்சின் விசையை அழுத்தினால் வயர் தானாக ஓடிவந்து நுனியில் உருகும். அறுபத்தெட்டு வயதுக் கைக்கு இதுதான் சரி. யாரிடமும் கேட்காமல் நானே முடிவு செய்தேன்.

எங்கள் வீட்டுக் கொல்லை நான்கு படி கீழே இருக்கிறது. குளியலறை, கக்கூஸ் இரண்டும் அங்கேதான். டிசம்பர் பத்தொன்பதாம் தேதி காலை, இரண்டாவது படியில் மயிலாத்தாள் கைப்பிடியைப் பிடித்தாள். அது கையோடு வந்துவிட்டது. இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன் முடிந்து, திருப்பூரில் மகள் சுகந்தி வீட்டில் இருக்கிறாள். வாக்கரைப் பிடித்து நடக்கிறாளாம். 28ஆம் தேதி கூட்டிவருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

கைப்பிடி இல்லாமல் அவளால் அந்தப் படியில் இறங்க முடியாது. இறங்க முடியாதென்றால் இந்த வீட்டில் இருக்க முடியாது.

உடைந்த கைப்பிடி எதிர்ச்சாரியில் உள்ள யூனுஸ் பட்டறைச் சரக்கு. அதை நான் தெருவில் எல்லோரிடமும் சொல்லியாயிற்று.

பிப்ரவரி 4, செவ்வாய்

சுகந்தி போன் செய்தாள். "எதுக்குங்ப்பா இந்த வயசுல? நல்ல பட்டறைல சொல்லி ஸ்டீல்ல வெச்சுட்டா முடிஞ்சுது. நான் இங்கிருந்து ஆள் அனுப்பட்டுமா?"

"பட்டறைக்காரன் வெச்சதுதான் உடைஞ்சுது" என்றேன். 

போனை மயிலாத்தாள் வாங்கினாள். குரல் மெலிந்திருக்கிறது. "அவ கெடக்கறா. நீங்களே வைங்க. நீங்க வெச்சிருந்தா எனக்கு இப்படி ஆயிருக்குமா? கண்ணாடி மட்டும் மறக்காமப் போட்டுக்குங்க."

லைன் சரியில்லை. வைத்துவிட்டேன்.

கண்ணாடி விஷயம் இது. எட்டு வருடங்களுக்கு முன் வெறுங்கண்ணோடு ஆர்க் அடித்து, மூன்று நாள் கண் திறக்க முடியாமல் கிடந்தேன். அப்போது இனிமேல் வெல்டிங்கைத் தொடுவதில்லை என்று சாமி படத்தின் முன் என்னைக் கையடித்துச் சத்தியம் செய்ய வைத்தாள். இப்போது அவளே அந்தச் சத்தியத்தை எடுத்துவிட்டாள்.

பிப்ரவரி 6, வியாழன்

வயர் மாட்டினேன். உருளையில் கட்டியிருந்த நுனியை வெட்டியதும் கை நழுவிவிட்டது. வயர் சுருள்வில்லாகத் துள்ளி அவிழ்ந்து கொட்டகை முழுக்கப் பரவியது. அவிழ்ந்ததை வெட்டி எறிய வேண்டியதாயிற்று.

பெட்டியில் ஒரு சின்னப் புத்தகம் இருக்கிறது. இங்கிலீஷும் சீன எழுத்தும். அதைப் பெட்டியிலேயே விட்டுவிட்டேன். மில்லில் முப்பத்தோரு வருடம் ஃபிட்டர் ஹெல்பர். கடைசி நாள் வரை ஹெல்பர். ஸ்பின்டில் கத்தினால் சத்தத்தை வைத்தே எந்த பேரிங் என்று சொல்வேன். கழற்றி மாட்டுவதும் நானே. ரிப்பேர் நோட்டில் கையெழுத்துப் போடுவது மட்டும் ஐ.டி.ஐ. படித்தவன். புத்தகம் பார்த்து வேலை செய்தவர்களை நான் நிறையப் பார்த்தாயிற்று.

பிப்ரவரி 7, வெள்ளி

வயர் ஓடவில்லை. தள்ளுகிற ரோலர் சுற்றுகிறது, வயர் நின்ற இடத்திலேயே நிற்கிறது. ரோலரின் மேல் அழுத்தும் ஸ்குரூவை இறுக்கினேன். கொஞ்சம் ஓடி நின்றது. இன்னும் இறுக்கினேன்.

பிப்ரவரி 8, சனி

இன்று முழுவதும் வீண். வயர் டார்ச்சின் முனையில் சிக்கிக்கொண்டது. பின்னால் ரோலர் தள்ளிக்கொண்டே இருந்ததால் உள்ளே சுருண்டு சுருண்டு தூக்கணாங்குருவிக் கூடு மாதிரி ஆகிவிட்டது. வெட்டியெடுத்து மாட்டினேன். மறுபடியும் கூடு. நான்கு முறை.

மத்தியானம் சாப்பிடவில்லை. பழைய சோறு இருந்தது, தோன்றவில்லை.

பிப்ரவரி 10, திங்கள்

கண்டுபிடித்துவிட்டேன். ரோலரைக் கழற்றி வெயிலில் பிடித்துப் பார்த்தால் அதில் இரண்டு பள்ளம் இருக்கிறது. ஒன்று பெரிய வயருக்கு, இன்னொன்று சின்னதற்கு. என் வயர் சின்னது. அது பெரிய பள்ளத்தில் தொளதொளவென்று கிடந்திருக்கிறது. அதனால்தான் வழுக்கியது. வழுக்கியதற்காக நான் இறுக்க, வயர் நசுங்கிவிட்டது. இந்த வயர் கம்பி மாதிரி கெட்டி இல்லை. குழல் போல உள்ளே மருந்து வைத்தது. நசுங்கினால் முனையின் ஓட்டையில் நுழையாது.

ரோலரைத் திருப்பிப் போட்டேன். ஸ்குரூவை முழுக்கத் தளர்த்தி, கால் திருகு கால் திருகாக இறுக்கினேன். டார்ச்சை ஒரு பலகைக்கு எதிரே பிடித்து விசையை அழுத்தினேன். வயர் பலகையில் முட்டி, நிற்காமல் வளைந்து சுருண்டது. அந்த அளவு போதும் என்று தெரிந்தது.

யாரும் சொல்லித் தரவில்லை. எழுதி வைக்கிறேன்.

பிப்ரவரி 12, புதன்

குழாய் வாங்க வாசல் தாண்டியபோது யூனுஸ் பட்டறை வாசலில் நின்றிருந்தார். தலையசைத்தார். நான் பார்க்காத மாதிரி நடந்தேன். குழாயைச் சிங்காநல்லூர் வரை போய் வேறு கடையில் வாங்கிவந்தேன்.

இரண்டு வருடம் முன்பு சுகந்தியின் இரண்டாவது பிரசவத்துக்காக மயிலாத்தாள் திருப்பூரில் மூன்று மாதம் இருந்தாள். அப்போதுதான் அந்தப் பழைய கைப்பிடி வைத்தது. குழாய் யூனுஸ் கொடுத்தது. வாடகை மெஷின் அவருடையது. ராடும் அவர் கடையில் வாங்கியது. இத்தனையும் அவருடையது என்றால் கைப்பிடியும் அவருடையதுதான். இதில் நான் பொய்யாக ஒன்றும் சொல்லிவிடவில்லை.

பிப்ரவரி 14, வெள்ளி

முதல் பற்று வைத்தேன். வயர் நன்றாக ஓடுகிறது. பட்பட்டென்று வெடிக்கிற சத்தம். பொறி நிறையத் தெறித்துச் சட்டையில் ஏழெட்டு ஓட்டை. பற்று மண்புழு ஊர்ந்ததுபோல் மேடாக வந்திருக்கிறது. கனமான பற்று. கனம் இருந்தால் பலம் இருக்கும்.

பிப்ரவரி 18, செவ்வாய்

கைப்பிடி முடிந்தது. படிச்சுவரில் போல்ட் போட்டு மூன்று செங்குத்துக் குழாய், மேலே ஒரு நீளக்குழாய், முனையில் வளைவு. மொத்தம் ஆறு பற்று. மேட்டையெல்லாம் கிரைண்டரில் வழித்துவிட்டேன். தடவிப் பார்த்தால் எங்கே சேர்த்தது என்றே தெரியாது.

பிப்ரவரி 19, புதன்

பச்சை பெயின்ட் அடித்தேன். அவளுக்குப் பிடித்த பச்சை.

பிப்ரவரி 21, வெள்ளி

யூனுஸ் வந்தார். நான் கூப்பிடவில்லை. வாசல் கேட்டைத் திறந்து, கொல்லை வரை வந்து நின்றார்.

"உள்ள வரலாமுங்களாண்ணா?"

"வந்தாச்சே."

கைப்பிடியைப் பார்த்தார். தொடவில்லை. கொட்டகையில் மெஷினின் பக்கவாட்டு மூடி திறந்திருந்தது, உள்ளே எட்டிப் பார்த்தார்.

"கேஸ் இல்லாத வயருதான போட்டிருக்கீங்க?"

"ஆமா."

"அப்ப டார்ச்சுக்குப் போற லீடு கேபிள் மைனஸ்ல இருக்கணும். கம்பெனில இருந்து வர்றப்ப ப்ளஸ்லதான் மாட்டி அனுப்புவான். நீங்க மாத்தல. போன வாரம் பூரா சத்தம் கேட்டுட்டே இருந்தேன். பட்டாசு வெடிக்கற மாதிரி கேட்டுது. வடை பொரியற சத்தம் வரணுமுங்ண்ணா. உங்க பற்று மேல ஒட்டிட்டு இருக்கும், உள்ள புடிச்சிருக்காது. மேட்ட வேற வழிச்சுட்டீங்க."

"உங்ககிட்ட நான் கேட்டனா?"

"கேக்க மாட்டீங்க. போன தடவையும் கேக்கல. குழாய்ல துத்தநாகப் பூச்சு இருக்குது, உரசி எடுத்துட்டு அடிங்கன்னு மெஷின் குடுக்கறப்பவே சொன்னேன். நீங்க மேலயே அடிச்சு, ஓட்டைல பட்டி வெச்சுப் பெயின்ட் பூசிட்டீங்க."

நான் போய் மெஷினின் மூடியைச் சாத்தினேன்.

"உங்க மருமகப்புள்ள கஸ்டமருங்க முன்னால எங்கம்மாவச் சேர்த்துப் பேசிட்டுப் போனாரு. வாயத் தொறக்கல நான். அக்கா ஆஸ்பத்திரில கெடந்தாங்க. கட்டுன புருசன் கையால விழுந்தோம்னு படுத்திருக்கறப்ப கேக்கணுமா அவங்க? அதுக்காகத்தான் இருந்தேன். உங்களப் பாத்தா எனக்குப் பாவமெல்லாம் தோணலீங்ண்ணா."

கேட் வரை போய்த் திரும்பினார். "ஒரு துண்டை வைஸ்ல இறுக்கி வெச்சுச் சுத்தியால அடிச்சுப் பாருங்க. நான் சொல்றத நம்ப வேண்டாம்."

நான் அடித்துப் பார்க்கவில்லை. ஊருக்கு யோசனை சொல்ல வந்துவிட்டார்.

பிப்ரவரி 23, ஞாயிறு

சுகந்தி போன். அவள் அம்மா வாக்கரோடு தெருமுனை வரை போய்வந்தாளாம். வீட்டுக்கு வருவதை நினைத்துக் குஷியாக இருக்கிறாளாம். மாப்பிள்ளை வீட்டில் கக்கூஸ் போக ஒவ்வொரு தடவையும் யாரையாவது கூப்பிட அவளுக்குக் கூச்சம்.

பிப்ரவரி 26, புதன்

மிஞ்சிய குழாயில் இரண்டு துண்டு எடுத்து, முன்பு செய்த மாதிரியே சேர்த்தேன். பிறகு மெஷினுக்குள் லீடைக் கழற்றி மைனஸுக்கு மாற்றி, இன்னும் இரண்டு துண்டைச் சேர்த்தேன். சத்தம் மாறியது. எண்ணெயில் போட்ட வடைபோல் ஒரே சீராகப் பொரிந்தது.

இரண்டு ஜோடியையும் வைஸில் பிடித்து அடித்தேன்.

மைனஸில் சேர்த்த இரண்டாவது ஜோடி ஏழு அடி வாங்கிக் குழாயே வளைந்தது, பற்று விடவில்லை.

முதல் ஜோடி ஒரே அடியில் போய்விட்டது. உடைந்த இடத்தில் குழாயின் விளிம்பு வெட்டினது வெட்டினபடி பளபளவென்று இருந்தது. வயர் அதில் இறங்கவே இல்லை.

இந்தப் பளபளப்பை டிசம்பர் 19ஆம் தேதியும் பார்த்தேன். அவள் கையிலிருந்து குழாயை எடுத்தபோது.

பிப்ரவரி 27, வியாழன்

காலை ஒன்பது முதல் ஐந்து வரை பவர் ஷட்டவுன். ஐந்தே காலுக்குக் கரண்ட் வந்தது. ஆறு பற்றையும் அறுத்துத் திரும்ப அடிக்க மூன்று மணி நேரம் ஆகும். கிரைண்டரைக் கையில் எடுத்தேன். எதிரே பட்டறையில் யூனுஸ் இருந்தார், அவருடைய ஆட்களும் இருந்தார்கள். அறுக்கிற சத்தம் கேட்டால் எதற்கென்று அவருக்குத் தெரிந்துவிடும்.

கிரைண்டரை வைத்துவிட்டேன்.

போகிறபோது லேசாகப் பிடிப்பதற்குத்தானே கைப்பிடி. அவள் இப்போது எடையும் குறைந்திருக்கிறாள். சுகந்தி பின்னால் இருப்பாள். அவர்கள் ஊருக்குப் போனதும் ஒருநாள் சாவகாசமாக மாற்றிவிடலாம்.

பிப்ரவரி 28, வெள்ளி

பதினொரு மணிக்கு வந்தார்கள். மாப்பிள்ளை வரவில்லை. சுகந்திதான் காரில் கூட்டிவந்தாள். மயிலாத்தாள் பாதியாகிவிட்டாள். வாசலில் நின்று வீட்டைப் பார்த்துவிட்டு, "ஒட்டடை அடிக்கவே இல்லியா?" என்றாள். தண்ணீர் குடித்தாள். கொஞ்ச நேரத்தில், கொல்லைக்குப் போக வேண்டும் என்றாள்.

வாக்கர் படிவரைதான் வரும். மேல் படியில் நின்று கைப்பிடியைப் பார்த்தாள். சிரித்தாள். நான் அந்தச் சிரிப்பைப் பார்த்து இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிறது.

"பச்சையா? நல்லா இருக்குதுங்க."

"அம்மா, மெதுவா. என் தோளப் புடிச்சுக்க" என்றாள் சுகந்தி.

"உன் தோளு எதுக்கு? அந்த யூனுஸ் பாய் வெச்சதுன்னா பயப்படணும். உங்கப்பா வெச்சது."

வாக்கரை விட்டாள். வலது கையை நீட்டினாள். உடம்பு முழுவதும் அந்தக் கைப்பக்கம் சாய்ந்தது.

"தொடாத!"

நான் கத்தியது எனக்கே கேட்டது. சுகந்தி பின்னாலிருந்து அவளை இடுப்போடு சேர்த்துப் பிடித்தாள். இருவரும் சுவரில் மோதி நின்றார்கள்.

"என்னங்ப்பா! உயிரே போயிருச்சு!"

"ஏனுங்க?" என்றாள் மயிலாத்தாள்.

 கொட்டகையிலிருந்து சுத்தியலை எடுத்துவந்து மேல்முனை வளைவின் பற்றில் அடித்தேன். மூன்றாவது அடியில் வளைவுக் குழாய் கழன்று மேல் படியில் உருண்டது. அவள் காலடியில் போய் நின்றது.

அவள் குனிய முடியாது. நின்றபடியே உடைந்த முனையைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"போன கைப்பிடியும் இப்படித்தான் இருந்துச்சு" என்றாள். "விழுந்து கெடந்தப்ப கையிலயே இருந்துச்சு. ஆளுங்க வர்ற வரைக்கும் அதத்தான் பாத்துட்டுக் கெடந்தேன்."

சுகந்தி ஏதோ கேட்க வாயெடுத்தாள். மயிலாத்தாள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"அதுவும் நீங்க வெச்சதுதானா?"

"ஆமா."

"பாயி?"

"குழாய் குடுத்தாரு. மெஷின் குடுத்தாரு. அவ்வளவுதான்."

அதற்குள் அவளால் அடக்க முடியவில்லை. படியிலேயே ஆகிவிட்டது. சுகந்தி அவளை உள்ளே கூட்டிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் படியைக் கழுவிவிட்டேன். உள்ளே அழுகைச் சத்தம் எதுவும் கேட்கவில்லை.

ஒரு மணிக்குச் சுகந்தி அவளைத் திரும்பவும் காரில் ஏற்றினாள். சாப்பிடவில்லை. நான் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மயிலாத்தாள் முன்னால் பார்த்தபடியே பேசினாள்.

"விழுந்ததுகூடப் போகுதுங்க. வேணும்னா செஞ்சீங்க? ஆனா ஆஸ்பத்திரில பாயி பொண்டாட்டி கஞ்சி கொண்டாந்தா. நான் மூஞ்சியத் திருப்பிட்டேன். அவ செம்போட நின்னுட்டுப் போனா. நீங்க பக்கத்துல ஸ்டூல்ல உக்காந்திருந்தீங்க."

நான் கதவை விடவில்லை.

"தெருவுல எத்தன பேருகிட்ட அவரு வெச்சதுன்னு சொன்னீங்களோ, அத்தன பேருகிட்டயும் போயி நான்தான் வெச்சேன்னு சொல்லுங்க. சொல்லி முடிச்சுட்டுக் கூப்பிடுங்க. அப்பப் பாக்கலாம்."

சுகந்தி என்னைப் பார்க்காமல் வண்டியை எடுத்தாள்.

மார்ச் 1, சனி

வெயில். ஒன்றும் செய்யவில்லை.

மார்ச் 2, ஞாயிறு

யார் வீட்டு மனைவியும் புருசனுக்கு இப்படி ஒரு நிபந்தனை போட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. நாற்பத்திரண்டு வருடம் இந்த வீட்டில் ஒரு பல்பு மாற்றக்கூட வெளியாள் வந்ததில்லை. அதெல்லாம் கணக்கில் வராது போலிருக்கிறது.

மார்ச் 4, செவ்வாய்

போன் செய்தேன். சுகந்தி எடுத்தாள். "சொல்லிட்டீங்களாப்பா?" என்றாள். இல்லை என்றேன். "அம்மா தூங்கறாங்க" என்றாள். பின்னால் டிவி ஓடுவதும், மயிலாத்தாள் யாரிடமோ தண்ணீர் கேட்பதும் கேட்டது.

மார்ச் 5, புதன்

யாரிடமெல்லாம் சொன்னேன் என்று எழுதிப் பார்த்தேன். பதினான்கு பேர். இரண்டு பேர் நான் வலியப் போய்ச் சொன்னவர்கள். அதில் ஒருவர் யூனுஸுக்கு கேட் ஆர்டர் கொடுக்க இருந்தவர்.

யூனுஸ் பெயரை எழுதவில்லை. அவரிடம் முதலில் போக வேண்டும் என்று தோன்றியது. போனேன். பட்டறையில் நான்கு பேர் வேலை செய்துகொண்டிருந்தார்கள். அவர் முகமூடியை மேலே தூக்கி, "என்னங்ண்ணா?" என்றார்.

"ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

மார்ச் 6, வியாழன்

மாலை நான்கு மணிக்கு நஞ்சுண்டனிடம் போனேன். தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவன். பட்டியலில் சின்ன ஆள் அவன்தான், அதனால் அவனிடமிருந்து ஆரம்பிக்கலாம் என்று நினைத்தேன்.

ஒரு பேன்ட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தான். "துணி ஏதுமில்லியே உங்க கையில" என்றான்.

"நஞ்சுண்டா, எங்க வீட்டுக் கைப்பிடி உடைஞ்சுதே, அது யூனுஸ் பாய் வெச்சதில்ல. நான் வெச்சது."

அவன் பெட்டியை நிமிர்த்தி வைத்தான். என்னைப் பார்த்தான். பிறகு பேன்ட்டைப் புரட்டிப் போட்டு மறுபக்கம் தேய்க்க ஆரம்பித்தான்.

"தெரியுமுங்களே" என்றான்.

"என்ன தெரியும்?"

"ரெண்டு வருசம் முன்னால மூணு நாளு உங்க கொல்லைலதான வெல்டிங் வெளிச்சம் அடிச்சுது. இந்த வேப்பமரத்து உச்சி வரைக்கும் நீலமா அடிச்சுது. பாயி அந்த வாரம் பூரா காங்கயத்துல ஷெட்டு வேலைல இருந்தாருங்க. தெருவுக்கே தெரியும்."

"தெரிஞ்சும் நான் சொல்றப்ப தலைய ஆட்டுனியே?"

"உங்ககூட யாருங்க பேசி ஜெயிக்கறது? சொன்னீங்க, ஆமான்னோம்." பேன்ட்டை மடித்தான். "தெரியாம இருந்தது அம்மா ஒருத்தருக்குத்தானுங்க. பாவம், வீட்ட விட்டு அதிகமா வெளிய வரமாட்டாங்க."

 அவன் அடுத்த சட்டையை எடுத்துத் தண்ணீர் தெளித்தான். எல்லோரும் தலையை ஆட்டியதை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். மளிகைக்கடைக்காரர் "அடப்பாவமே" என்றது, கோயில் கமிட்டி ராமலிங்கம் என் தோளில் கை வைத்தது.

வீட்டுக்கு வந்து நஞ்சுண்டன் பெயரை அடித்தேன். இன்னும் பதின்மூன்று பேர். அவர்களுக்கும் தெரியும். அவர்கள் முகத்தைப் பார்த்து நான் என் வாயால் சொல்ல வேண்டும். அவள் கேட்டது அதைத்தான்.

செருப்பைக் கழற்றாமலே எழுதுகிறேன். பால் பூத் ஐந்து மணிக்குத் திறப்பார்கள். வரிசையில் கூட்டம் இருக்கும், பட்டியலில் உள்ள பாதிப் பேர் அங்கேதான் நிற்பார்கள்.